கணப்படுப்புக்கு மேல் பழைய உத்திரம்: பொருத்தும் முறை

பெரும்பாலும் உத்திரம்தான் முதலில் கைக்கு வந்துவிடுகிறது. இடித்த வீட்டிலிருந்தோ தானியக் கொட்டகையிலிருந்தோ வந்த, வைரம் பாய்ந்த ஒரு கட்டை. பார்த்ததும் இதைக் கணப்படுப்புக்கு மேல் சுவரிலிருந்து நீட்டி நிற்கும் தட்டாக வைத்தால் எப்படியிருக்கும் என்று மனம் ஓடிவிடும். வேலையின் வரிசை இதற்கு நேர்மாறானது. நெருப்பு எரியும் வாயிலிருந்து எவ்வளவு தூரம் விடவேண்டும் என்பது முதல் கேள்வி. பின்னாலிருக்கும் சுவர் என்ன சுவர் என்பது இரண்டாவது. இவை இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகுதான் கட்டையின் நீளம், அகலம், உயரம் எல்லாம். கட்டையை வாங்கிவிட்டு அதற்கேற்ப தூரத்தைக் குறைப்பவர்கள்தான் பின்னால் கருகிய அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள்.

நெருப்பிலிருந்து தூரம்

செங்கல்லோ கல்லோ வைத்துக் கட்டிய திறந்த கணப்புக்கு, அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதியான ஐ.ஆர்.சி. சொல்லும் கணக்கு இது. வாயின் விளிம்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் (152 மி.மீ.) மரமே இருக்கக்கூடாது. 6 முதல் 12 அங்குலத்துக்குள் இருக்கும் மரம், வாயிலிருந்து விலகியிருக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 1/8 அங்குலம் மட்டுமே சுவரிலிருந்து முன்னால் நீட்டலாம். 8 அங்குலம் தள்ளி வைத்தால் 1 அங்குலம்தான் நீட்டலாம் என்று ஆகிறது. இது மெல்லிய சட்டத்துக்குப் பொருந்தும், உத்திரத்துக்குப் பொருந்தாது. ஆகவே 8 அங்குலம் நீட்டி நிற்கும் உத்திரத்துக்கு வாயின் மேல்விளிம்பிலிருந்து கட்டையின் அடிப்பக்கம் வரை குறைந்தது 12 அங்குலம் (305 மி.மீ.) வேண்டும். இது அனுமதியின் கடைசிக் கோடு. சுவரில் இடமிருந்தால் 15, 16 அங்குலம் விடுங்கள். அளக்கும்போது கட்டையின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து அளக்கவேண்டும். பழைய உத்திரத்தின் அடிப்பக்கம் நேராக இருப்பதில்லை. நடுவில் ஒரு விரல்கடை தொங்கியிருந்தால் அந்த விரல்கடையும் கணக்கில் சேரும்.

தொழிற்சாலையில் செய்த கணப்பு, எரிவாயுக் கணப்பு, இரும்பு அடுப்பு என்றால் மேலே சொன்ன எண்களை மறந்துவிடலாம். அவற்றோடு வரும் கையேட்டில், கட்டை எவ்வளவு நீட்டினால் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்று அட்டவணையோ வரைபடமோ இருக்கும். அதுதான் சட்டம். அடுப்பின் ஒற்றைச்சுவர்ப் புகைக்குழாய் வெளியே தெரியும்படி மேலேறினால், கவசமில்லாத நிலையில் அதிலிருந்து எந்த மரமும் 18 அங்குலம் (457 மி.மீ.) தள்ளியிருக்கவேண்டும். உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

இவ்வளவு தூரம் எதற்கு? மரம் தீப்பிடிக்க சாதாரணமாக 250–300 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் அதைவிட மிகக் குறைந்த சூட்டில் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் வெந்துகொண்டிருக்கும் மரம் மெல்லக் கரியாகிக்கொண்டே வரும். அப்படிக் கரியான மரம் பற்றிக்கொள்ளப் பழைய வெப்பநிலை தேவைப்படாது. முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாத காரணம் இதுதான். தீத்தடுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு தூரத்தைக் குறைக்கலாமா என்றால், கூடாது. கட்டைக்கு அடியில் 25 மி.மீ. காற்றிடைவெளி விட்டுத் தகட்டுக் கவசம் வைப்பது நல்ல கூடுதல் பாதுகாப்புதான். ஆனால் கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, அதைக் காட்டி தூரத்தைக் குறைக்காதீர்கள்.

கட்டையைச் சோதிப்பது

மூன்று வகை மரத்தைத் தொடவே வேண்டாம். ரயில் தண்டவாளத்தின் ஸ்லீப்பர் கட்டை முதலாவது. பழைய ஸ்லீப்பர்கள் பெரும்பாலும் கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறியவை. சூடு பட்டால் எண்ணெய் கசியும், புகையும் நாற்றமும் வீட்டுக்குள் நிற்கும். பச்சை சாயல் ஓடும், மருந்து ஏற்றிய வெளிப்புற மரம் இரண்டாவது; பழையவற்றில் ஆர்செனிக் இருக்கும். மூன்றாவது, ஈயப் பெயின்ட் அடித்த கட்டை. பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாள் போடுவதற்கு முன் ஈயச் சோதனைக் குச்சியால் பார்த்துவிடுங்கள். ஈயம் என்று தெரிந்தால் அதைத் தேய்த்துத் தூளாக்குவது வீட்டிலுள்ள குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம்.

அடுத்தது ஈரம். ஊசி வைத்த ஈரப்பத மீட்டரை மேற்பரப்பில் குத்திப் பார்த்து 11 சதவீதம் என்று திருப்தியடைபவர்கள் ஏராளம். அந்த ஊசி சில மில்லிமீட்டர்தான் இறங்கும், 150 மி.மீ. தடிமனுள்ள கட்டையின் நடுவில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. நீளத்துக்கு அறுக்கும்போது புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் உடனே குத்திப் பாருங்கள். 12 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வேலையைத் தொடங்கலாம். 18 என்று வந்தால், கணப்பின் சூட்டில் அது 9 வரை இறங்கும்போது 200 மி.மீ. அகலமுள்ள ஓக் கட்டை 4 முதல் 6 மி.மீ. சுருங்கும், புதிய வெடிப்புகள் விடும். கட்டையைப் பொருத்தப்போகும் அறையிலேயே, சுற்றிலும் காற்றுப் படும்படி சிறு கட்டைகளின் மேல் தூக்கிவைத்து, குறைந்தது மூன்று நான்கு வாரம் விடுங்கள். ஈரம் அதிகமென்றால் மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து பிளக்கும்.

உளு (மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு) இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருப்புத் துணி போதும். ஊசிமுனை அளவு, அதாவது 1–2 மி.மீ. துளைகள் பழைய மரத்தில் இருப்பது இயல்பு. வண்டு வெளியேறிப் போய் வருடக்கணக்கும் ஆகியிருக்கலாம். கட்டையைத் துணியின் மேல் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, பழைய தூளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். புதிதாக வெளிறிய மாவு கொட்டியிருந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது. இதற்கு உறுதியான தீர்வு சூளைச் சூடு. சரக்குப் பெட்டி மரங்களுக்கான பன்னாட்டு விதி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் நிற்கவேண்டும் என்கிறது. தடித்த உத்திரத்தின் நடு அந்தச் சூட்டை எட்டப் பல மணி நேரமாகும், அதனால் மர அறுவை ஆலையில் சூளை வைத்திருப்பவர்களிடம் கொடுப்பதே சரி. புழுவைக் கொல்லும் போரேட் கரைசலைப் பூசலாம். காய்ந்த மரத்தில் அது மேலோடுதான் இறங்கும்; உள்ளே ஆழத்தில் இருக்கும் புழுவை அது எட்டாது.

வெடிப்பு அழகுதான், எந்த வெடிப்பு என்பதைப் பொறுத்து. மரம் காயும்போது மேலிருந்து நடுவரை இறங்கும் வெடிப்பால் பயமில்லை. பின்முகத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கிடையாக ஓடும் பிளவுதான் ஆபத்து. சுவரில் பதித்த இரும்புக் கம்பிகள் பின்முகத்துத் துளைகளில் நுழைந்துதான் கட்டையைத் தாங்கப்போகின்றன. அவை சரியாக அந்தக் கோட்டில்தான் நுழையும்; ஆப்பு அடித்தது போலக் கட்டை இரண்டாகப் பிரியும். அப்படி இருந்தால் கட்டையைப் புரட்டி வேறு முகத்தைச் சுவர்ப்பக்கம் வையுங்கள்.

ஆணிகளை உலோகத் தேடியால் குறித்துக்கொள்ளுங்கள். அறுக்கும் கோட்டிலும் துளைக்கும் இடத்திலும் உள்ளவற்றை மட்டும் பிடுங்கினால் போதும். மீதி அங்கேயே இருக்கட்டும், அவையும் கட்டையின் வயதைச் சொல்பவைதானே. 190 மி.மீ. வட்டரம்பம் 65 மி.மீ. ஆழம்தான் வெட்டும். நாலு பக்கமும் மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, சுற்றி வெட்டி, நடுவில் மிஞ்சுவதைக் கைரம்பத்தால் அறுங்கள்.

புதிதாக அறுத்த முனை பளிச்சென்று தெரியும். ஓக் போலத் துவர்ப்புச் சத்து நிறைந்த மரமென்றால், வினிகரில் ஓரிரு நாள் ஊறிய இரும்புக்கம்பளிச் சாற்றை மெல்லிய துணியால் ஒரு முறை ஒற்றி எடுங்கள். சில நிமிடங்களில் சாம்பல் கறுப்பாக மாறும். துவர்ப்புக் குறைந்த மரத்துக்கு முதலில் கடுந்தேநீர் பூசிக் காயவிட்டு அப்புறம் இதைச் செய்யவேண்டும். வெட்டி எறிந்த துண்டில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், நிறம் நினைத்ததைவிட ஆழமாக வரும். இதே காரணத்தால் ஈரமான ஓக்கில் இரும்புத் தூரிகை போட்டால் கறுப்புப் புள்ளிகள் விழும். சுத்தம் செய்யப் பித்தளை அல்லது நைலான் தூரிகை, கூடவே வேக்யூம்.

எண்ணெயோ மெழுகெண்ணெயோ பூசுவது கட்டை தரையில் இருக்கும்போதே. பின்முகம், அடிப்பக்கம், இரு முனைகள் உட்பட ஆறு முகங்களும். பின்முகத்தை விட்டுவிட்டால் அந்தப் பக்கம் வேறு வேகத்தில் ஈரம் வாங்கி விடும், கட்டை வளையும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே சூடேறிப் பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

சுவரும் கம்பியும்

துளைபோடுவதற்கு முன் சுவருக்குள் புகைவழி எங்கே போகிறது, முன்சுவர் எத்தனை தடிமன் என்று தெரிந்திருக்கவேண்டும். புகைவழிக்குள் துளை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியும். கணப்பு வாய்க்கு மேலிருக்கும் லிண்டலையும் வளைவையும் தொடக்கூடாது. முகப்பில் ஒட்டியிருப்பது மெல்லிய கல் பலகையா, உண்மையான கற்சுவரா என்பதையும் பாருங்கள். ஒட்டுக்கல் எடை தாங்காது. கம்பி அதைத் தாண்டிப் பின்னாலிருக்கும் செங்கல்லில் இறங்கவேண்டும்.

எடையைக் கணக்குப் போடுவோம். 1800 மி.மீ. நீளம், 200 மி.மீ. நீட்டல், 150 மி.மீ. உயரம் என்றால் 0.054 கனமீட்டர். கனமீட்டருக்கு ஓக் சுமார் 700 கிலோ, தேக்கு 650, பைன் 500. ஓக் கட்டை 38 கிலோ, தேக்கு 35, பைன் 27 வரும். அதன் எடைமையம் சுவரிலிருந்து 100 மி.மீ. தள்ளி இருப்பதால், ஓக் கட்டை மட்டும் சுவரில் ஏற்படுத்தும் திருப்புவிசை 37 நியூட்டன் மீட்டர். இது பெரிதில்லை. விளக்குத் தொங்கவிட ஏறும் ஒருவர் முன்விளிம்பில் 70 கிலோவை ஊன்றினால் இன்னொரு 137 சேரும். மொத்தம் 174.

மென்னிரும்பின் வளைவு எல்லையை 250 மெகாபாஸ்கல் என்று வைத்தால், 12 மி.மீ. வழவழக் கம்பி ஒன்று 42 நியூட்டன் மீட்டர் தாங்கும். மூன்று சேர்ந்து 127. போதாது. 16 மி.மீ. கம்பி ஒன்றே 100 தாங்கும். ஆனால் கடையில் கிடைப்பது மரை வெட்டிய திரெட் ராடு. மரையின் அடிவிட்டம் 13.5 மி.மீ.தான். சாதாரண 4.6 தர (எஃகின் வலிமையைக் குறிக்கும் எண்) எம்16 (16 மி.மீ.) ராடு மூன்று போட்டால் கணக்கு 175க்கு வந்து நிற்கும், கையிருப்பு ஒன்றும் இல்லை. அதனால் 8.8 தரம் வாங்குங்கள், மூன்று போதும். 2 மீட்டருக்கு மேல் கட்டை நீண்டால் நாலு.

கம்பியின் நீளம்: சுவரின் திடமான பகுதிக்குள் 125 மி.மீ., மரத்துக்குள் 140 மி.மீ., இவற்றோடு பூச்சின் தடிமன். பூச்சு எடை தாங்குவதில்லை என்பதால் அதை 125க்குள் சேர்க்கக்கூடாது. 20 மி.மீ. பூச்சு இருந்தால் கம்பி 285 மி.மீ.

மரத்தில் துளைப்பது

இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான், சுவரல்ல. 140 மி.மீ. ஆழத்துக்குப் போகும் துளை ஒரு டிகிரி சாய்ந்தால் அடியில் இரண்டரை மி.மீ. விலகியிருக்கும், மூன்று துளையும் மூன்று திசையில் சாய்ந்தால் கட்டை ஏறவே ஏறாது. கண்மட்டத்தில் கை டிரில்லைப் பிடித்துத் துளைக்காதீர்கள். 75 மி.மீ. தடிமனுள்ள கடின மரத்துண்டில், நிலை டிரில்லில் நேராக ஒரு துளை போட்டு அதையே வழிகாட்டியாக்கி, கட்டையின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, அதன் வழியாக ஆகர் பிட்டை (ஆழமாகத் துளைக்கும் திருகு அலகு) இறக்குங்கள். கட்டையைப் பின்முகம் மேலே தெரியும்படி படுக்கவைத்துக்கொண்டால் சீவல் வெளியேற்றவும் வசதி.

துளையின் அளவு 17 அல்லது 18 மி.மீ. 18 போட்டால் 2 மி.மீ. தளர்வு இருக்கும், 140 மி.மீ. நீளத்தில் அந்தத் தளர்வு முன்விளிம்பைக் கிட்டத்தட்ட 3 மி.மீ. தொங்கவைக்கும். ரசமட்டம் வைத்தால் உடனே தெரியும் அளவு இது. இதைச் சரிகட்ட, சுவரிலிருக்கும் கம்பிகளை ஒரு டிகிரி மேல்நோக்கி நிறுத்துவது பழகியவர்கள் செய்வது. 17 மி.மீ. பிட் கிடைத்தால் அரை டிகிரி போதும்.

துளைகள் ஒரே கிடைக்கோட்டில், கட்டையின் உயரத்தில் நடுவிலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கட்டும். முனைகளிலிருந்து குறைந்தது 200 மி.மீ. உள்ளே. மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். அதனால் துளைகளுக்கு இடையிலான தூரம் மாறாது. மேலும் கீழுமாக இரண்டு வரிசை போட்டால் உயரம் சுருங்கும்போது கம்பிகள் மரத்தைப் பிளக்கும்.

துளைகளைச் சுவருக்கு மாற்ற ஒரு நீளப் பிளைவுட் பட்டை வேண்டும். கட்டையின் பின்முகத்தோடு பட்டையை வைத்து, துளைகளின் நடுவைக் குறித்து, ‘மேல்’ ‘இடது’ என்று எழுதி, அதே இடங்களில் 16 மி.மீ. ஓட்டை போடுங்கள். எழுதாமல் விட்டால் பட்டையைத் திருப்பி வைத்துத் துளைப்பது நிச்சயம். இந்தப் பட்டையே பிறகு பசை இறுகும்வரை கம்பிகளைப் பிடித்துவைக்கும் சட்டமாகவும் உதவும்.

சுவரில் பதிப்பது

எம்16 ராடுக்குச் சுவரில் துளை 18 மி.மீ. பழைய மென்செங்கல்லிலும் பொள்ளல் செங்கல்லிலும் ஹேமர் அடியை நிறுத்திவிட்டுச் சுழற்சியில் மட்டும் துளையுங்கள். அடித்தால் பின்பக்கம் உதிரும். சுண்ணாம்புச் சாந்து கையோடு உதிர்கிறதென்றால் இணைப்பைத் தவிர்த்துச் செங்கல்லின் நடுவில் போடுங்கள்.

கெமிக்கல் ஆங்கர், அதாவது பசையால் கம்பியைச் சுவரில் பிடிக்கவைக்கும் முறை, தோற்கும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தூசி. பசை சுவரைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கையால் இழுத்தாலே கம்பி பசை உறையோடு வெளியே வரும். கைப்பம்பால் ஊதி, துளைக்கேற்ற கம்பித் தூரிகையைச் சுழற்றித் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். வெறும் ஊதல் வரும்வரை இதைத் திரும்பச் செய்யவேண்டும். பொள்ளல் செங்கல்லில் வலைக்குழாயைச் செருகியபின்தான் பசை. இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜ் முழுவதும் உள்ளே இருக்கும் குழிகளுக்குள் போய்விடும்.

கலக்கும் மூக்கிலிருந்து முதலில் வரும் பசையில் இரண்டு பாகமும் சரியாகக் கலந்திருக்காது. நிறம் ஒரே சீராக வரும்வரை அதைக் காகிதத்தில் பிழிந்து எறியுங்கள். திடச் சுவரில் துளையின் அடியிலிருந்து தொடங்கி மூன்றில் இரண்டு பங்கு நிரப்புங்கள். கம்பியைத் திருகியபடியே உள்ளே செலுத்தினால் வாயில் கொஞ்சம் பசை பிதுங்கும். பிதுங்கவில்லை என்றால் பசை போதவில்லை. உடனே வெளியே எடுத்து இன்னும் நிரப்புங்கள். மூன்று கம்பிகளும் இறங்கியதும் பிளைவுட் பட்டையை அவற்றின் மேல் நுழைத்து, ரசமட்டம் வைத்து, கோணத்தை ஆப்புகளால் சரிசெய்து விட்டுவிடுங்கள். இறுகும் நேரம் வெப்பநிலைக்குத் தக்கபடி மாறும். கார்ட்ரிட்ஜில் எழுதியிருப்பதைப் பாருங்கள். குளிர்ந்த சுவரில் அது சில மடங்கு நீளும்.

சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்ததாக இருந்தால் இந்த வேலை எல்லாம் செல்லாது. அங்கே கட்டையின் பின்முகத்தை உள்ளே குடைந்து, சட்டங்களில் (பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்று) 100 மி.மீ.க்குக் குறையாத லேக் ஸ்க்ரூவால் (தடித்த மரத் திருகு) முடுக்கிய ஒரு பட்டைக்கட்டையின் மேல் உத்திரத்தை உறைபோல மாட்டவேண்டும். எடை குறைய, குடைவது நல்லதும்கூட.

ஏற்றுவது

முதலில் பசையின்றி ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். 38 கிலோ இரண்டு பேருக்கு அதிகமில்லை. ஆனால் நிதானமாக நுழைக்கும்போது கை நடுங்கும். அதனால் கட்டையின் அடிப்பக்க உயரத்துக்கு 5 மி.மீ. குறைவாக இரண்டு முட்டுக்கட்டைகளை நிறுத்தி வையுங்கள். ஒரு கம்பி மட்டும் இடிக்கிறதென்றால் அந்தத் துளையைப் பக்கவாட்டில் நீட்டலாம், மேலும் கீழும் நீட்டக்கூடாது. எடை தாங்குவது மேல்விளிம்பு, அதைக் கெடுத்தால் கட்டை தொங்கிவிடும்.

கல்சுவர் மேடு பள்ளமாக இருந்தால் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒளி தெரியும். கட்டையை இடத்தில் நிறுத்தி, இடைவெளியின் மிகப்பெரிய அளவுக்குக் காம்பஸை விரித்து, சுவரோடு அதன் முனை உரசும்படி நகர்த்திக் கட்டையின் மேலும் கீழும் கோடு போடுங்கள். கீழிறக்கி, ஃபிளாப் டிஸ்க் போட்ட கிரைண்டரால் கோடுவரை குறைத்தால் பின்பக்கம் சுவரோடு ஒட்டும். மிஞ்சும் இடைவெளியை சிலிக்கானால் அடைக்கவேண்டாம். மரம் அசையும்போது சிலிக்கான் கிழிந்து கண்ணில் படும்.

கடைசியில் கம்பிகளின் வெளிநுனியில் மட்டும், 40 மி.மீ. நீளத்துக்கு, பாலியூரித்தேன் ஒட்டுப்பசை பூசிக் கட்டையை அவற்றில் நுழைத்துவிடுங்கள். முழு நீளமும் எபாக்ஸியால் இறுக்கினால் நீட்டல் பக்கம் சுருங்கும் மரம் கம்பியோடு சண்டையிட்டுப் பிளக்கும். பிற்காலத்தில் கழற்றவும் முடியாது. ரசமட்டத்தை நீளத்திலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்து, முட்டுக்கட்டையும் மெல்லிய ஆப்பும் கொடுத்து, ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

பூச்சு முழுவதும் காய்ந்தபிறகு சிறிய நெருப்பிலிருந்து தொடங்கி, பெரிய நெருப்பு இரண்டு மணி நேரம் எரிந்தபின் அகச்சிவப்பு வெப்பமானியால் கட்டையின் அடிப்பக்கத்தை, முக்கியமாக முன்விளிம்பை அளந்து பாருங்கள். 75 டிகிரியைத் தாண்டினால் நெருப்பின் அளவைக் குறைக்கவேண்டும், அல்லது கட்டையை உயர்த்தவேண்டும். முதல் குளிர்காலத்தில் முனைகளில் புதிய வெடிப்பு விழுந்தால் அப்படியே இருக்கட்டும். வெடிப்பு கம்பிகளின் கோட்டில் கிடையாக நீண்டுகொண்டே போனால் மட்டும், மேலே இருக்கும் சாமான்களை இறக்கிவிட்டு, கட்டையைக் கழற்றி வேறு முகத்தில் துளை போடுங்கள்.